ஒன்பதாவது கியர்

ஒன்பதாவது கியரில் போட்டால் தன் சைக்கிள் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும் என்று தாண்டவராயன் ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தார். மைத்துனர் பூவராகனுக்கு வயிறு எரிந்தது. தங்கைக்குச் சீராகத் தன் அப்பா கொடுத்த சைக்கிள் அது. பின்சக்கரத்தின் நடுவில் ஒற்றைப் பல்சக்கரத்துக்காக இருந்த பழைய ஹப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒன்பது கியருக்கான அகலமான ஹப்பை நுழைப்பதற்காக, ஃபிரேமின் பின்கால்கள் இரண்டையும் ஜாக்கி வைத்து விரித்திருந்தார் மனுஷன்.

"கோழி உரிக்கிற மாதிரி விரிச்சு வெச்சிருக்கீங்களே மாப்ள. ஒன்பதாவது கியர்ல மலை ஏறலன்னா சைக்கிள் என் வீட்டுக்கு வந்துடணும்."

"ஏறிட்டா?"

"இனிமே அதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"அது போதும் மச்சான். ஊரே நிம்மதியா தூங்கும்."

மாப்பிள்ளை ஏமாற்றிவிடுவார் என்று பூவராகன் முன்னதாகவே பஸ்ஸில் மலையுச்சிக்குப் போய், பாதை முடியும் இடத்தில் நின்றுகொண்டார். அடிவாரத்திலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அவரு இங்க பெடல்ல கால வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. கிளம்பச் சொல்லட்டா?"

பூவராகன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எதிரே தாண்டவராயன் ஹேண்டில்பாரில் சாய்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்மா," என்றார் பூவராகன், பல்லைக் கடித்துக்கொண்டு. "வந்துட்டாரு."