சராசரிக் குஞ்சு எந்தப் பக்கம்?

"மோட்டல் விளக்கை அணைச்சுதான் ஆகணும், டாரில். முட்டையிலேருந்து வர்ற ஆமைக் குஞ்சுங்க கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, வெளிச்சத்தைப் பார்த்து உங்க வாசலுக்கு வருது."

கவுன்சில் அதிகாரி நரெல் காலை உணவு நேரத்திலேயே வந்துவிட்டாள். கடல் இருக்கும் திசையைப் பூஜ்யம் டிகிரியாக வைத்து, மணலில் பதிந்த குஞ்சுகளின் தடங்களை ஆமைப் பாதுகாப்புத் தொண்டர்கள் அளந்து அனுப்பியிருந்தார்கள். சராசரி நூற்றெண்பது. நேர் எதிர்த்திசை.

டாரில் டோஸ்ட்டைத் தட்டில் போட்டார். பள்ளி விடுமுறை சீசன். அவருடைய மோட்டலின் கடலோர வண்ண விளக்குகளுக்காகத்தான் பண்டபெர்க் நகரத்திலிருந்து கூட்டமே வருகிறது.

"ஆமைக்கு ஓட்டுரிமையும் குடுத்துடுங்களேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள உத்தரவு வந்துடும்."

அவர் மனைவி க்ளெனிஸ் கணக்கு டீச்சர். விளக்கு போட்ட நாளிலிருந்து ஆமைக்காகப் புருஷனோடு மல்லுக்கு நிற்பவள். அவள் வெற்றிச் சிரிப்புச் சிரிப்பாள் என்றுதான் டாரில் நினைத்தார்.

"சராசரி எப்படி எடுத்தே, நரெல்?"

"எல்லாத்தையும் கூட்டி, எண்ணிக்கையால வகுத்தேன். வேற எப்படி?"

"பாதிக் குஞ்சு முந்நூத்தி அம்பது, மீதி பத்து. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட."

க்ளெனிஸ் தக்காளி சாஸ் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

"இது கடல். இந்தக் கத்தி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ஞ்சு போற குஞ்சு. அது முடியற இடத்துல, வலப்பக்கம் சாய்ஞ்ச இன்னொரு கத்தி. ஆரம்பிச்ச இடத்துலேருந்து கடைசி நுனி எங்க பார்க்குது?"

"சாஸை."

"முந்நூத்தி அம்பதுன்னா கடலுக்கு இடப்பக்கம் பத்து டிகிரி. மைனஸ் பத்துன்னு வச்சுக்கிட்டாலும் சராசரி பூஜ்யம்தான். வட்டத்துல சுத்தற கோணத்தைச் சும்மா கூட்டி வகுத்தா, அது குஞ்சோட கழுத்தைத் திருப்பி விட்டுடும். குஞ்சுங்க ஒழுங்காக் கடலுக்குத்தான் போயிருக்கு."

நரெலின் முகம் சாஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். உத்தரவு வராது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

டாரில் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தாலே விளக்கு அணைஞ்சிருக்குமே. நீ கேட்டதும் அதானே?"

"தப்புக் கணக்குல ஜெயிச்சு என்ன பண்ண?"

அவருக்கு நிஜமாகவே மனசு நெகிழ்ந்துவிட்டது. ஆனாலும் சும்மா இருக்க முடிகிறதா?

"இப்பவாவது ஒத்துக்கோ. சீசன் தொடங்கினதுலேருந்து என் விளக்கு விடிய விடிய எரியுது. ஒரு குஞ்சாவது வழி தவறிச்சா?"

க்ளெனிஸ் கத்திகளை எடுத்துக் கழுவப் போட்டாள்.

"எரியலை, டாரில். தினமும் நீ குறட்டை விட ஆரம்பிச்சதும் போய் அணைச்சுட்டு, நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி திரும்பப் போட்டு வைக்கிறேன்."