உரிமைச் சட்டமும் ஒரு துவக்கும்

இங்கிலாந்தின் வால்தம்ஸ்டோவில் மளிகைக் கடை வைத்திருந்த தில்லையம்பலம், துவக்கு வாங்கவென்று துப்பாக்கி லைசன்சுக்கு விண்ணப்பித்துவிட்டார்.

அடி வாங்கினதில் மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சனம் கதைத்தது. அடி உண்மைதான். போன மாரியில் மொட்டைத் தலை முரடர்கள் சிலர் கடைக்குள் புகுந்து, கண்ணாடியை நொறுக்கி, அவரையும் உதைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“துவக்குக்குப் பயந்துதானே அண்ணை இஞ்சை ஓடி வந்தனாங்கள்?” என்றார் பக்கத்து வீட்டுக் கஸ்பர்.

தில்லையம்பலம் யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒருவரிடம் கிளாக்காக இருந்தவர். சும்மா விடுவாரா?

இங்கிலாந்தில் 1689இல் உரிமைச் சட்டம் ஒன்று எழுதினார்கள், குடிமக்கள் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கலாம் என்று அதில் இருக்கிறது, முந்நூறு வருஷமாகியும் அதை ஒருவரும் ரத்துச் செய்யவில்லை என்று ஆரம்பித்தார். அரிசி வாங்க வந்தவர்களும் இதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

மனைவி சந்திரவதனா ஒரு சொல் மறுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியால் டையை அழுத்திக் கொடுத்து அவரை லைப்ரரிக்கு அனுப்பினாள். இவளாவது தடுக்கக்கூடாதா என்று சனம் அவளையும் திட்டியது.

விசாரிக்க ஒரு பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நரைத்த மீசை, பொறுமையான மனிதர். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை தில்லையம்பலம் வாதாடினார்.

அந்தச் சட்டத்தைத் தானும் வாசித்திருப்பதாக அதிகாரி சொன்னார். ஆயுதம் வைத்திருக்கலாம் என்பது புரட்டஸ்தாந்துக் குடிமக்களுக்கு மட்டும்தானாம். நீங்கள் என்ன மதம் என்று கேட்டார்.

தில்லையம்பலம் நெற்றித் திருநீற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு, துணைக்கு வந்திருந்த கஸ்பரைக் காட்டினார்.

“இவர் கிறிஸ்தவர். இவரின்ரை பேரிலை தரலாமோ?”

கஸ்பர் அவசரமாகக் கதிரையை விட்டு எழும்பி, தான் கத்தோலிக்கன் என்றார். கத்தோலிக்கருக்குப் பயந்துதான் அந்தச் சட்டத்தையே எழுதினார்கள் என்றார் அதிகாரி.

தில்லையம்பலம் அசரவில்லை. மதபேதம் பார்ப்பது இந்தக் காலத்துச் சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, வேறு புத்தகம் எடுக்க மாடிக்கு ஓடினார்.

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். தற்காப்புக்கென்று கேட்டால் லைசன்ஸ் கிடைக்காது, நாளைக்கே மறுத்துவிடுகிறேன், நீங்கள் பயப்பட வேண்டாம் என்று சந்திரவதனாவிடம் சொன்னார்.

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். தெரிந்த இங்கிலீசில் அவள் சொன்னது இதுதான்:

“துவக்கு வேண்டாம் சேர். ஆனா, ஏலாதெண்டு உடனை சொல்லிப்போடாதேங்கோ. அடிபட்டதிலையிருந்து இவர் அறையை விட்டு வெளிக்கிடேல்லை. சாப்பாடில்லை, கதையில்லை. ரேடியோவிலை கேட்ட இந்தச் சட்டத்தைச் சொல்லி, உங்களுக்கு உரிமை இருக்கு, போய்க் கேளுங்கோ எண்டு உசுப்பிவிட்டதே நான்தான். இப்பதான் கடைக்குப் போறார். ஆக்களோடை சண்டை பிடிக்கிறார்.”

மாடிப்படியில் தில்லையம்பலம் இறங்கி வரும் சத்தம் கேட்டது.

அதிகாரி தொப்பியை மேசையில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“உங்கள் வாதம் லேசுப்பட்டதில்லை, மிஸ்டர் தில்லையம்பலம். இதைத் தீர்க்க நான் இன்னும் பல தடவை வரவேண்டியிருக்கும்.”