சிவப்பு ஸ்டிக்கர்

“நூத்திப் பன்னெண்டாம் பக்கம் மேடம். நீங்களே படிச்சுப் பாருங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் நாவலை மேசைமேல் வைத்தார். அட்டையில் இளவரசன் குதிரைமேல் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று புக்கக்காவுக்குத் தெரியாதா? தோட்டம், நிலா, ஒரே ஒரு முத்தம்.

புக்கக்கா என்பது நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் வைத்த பெயர். எந்தப் புத்தகம் எந்த வயதுக்கு என்று பார்த்து முதுகில் ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. பச்சை என்றால் பன்னிரண்டு, மஞ்சள் என்றால் பதினைந்து. சிவப்பு என்றால் பதினெட்டு; அந்தப் புத்தகம் மாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

“ஒரு முத்தத்துக்காகவா சார் புகார் குடுக்குறீங்க? சினிமாவுல இல்லாததா?”

“முத்தம் கிடக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு போட்டிருக்கான்? பதினாறு. அந்த வயசுல அதுக்கு என்ன தெரியும்? வாழ்க்கைய முடிவு பண்ற வயசா மேடம் அது?”

நாவல் அப்படியொன்றும் பிரமாதம் இல்லைதான். பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விடுவதைத் தவிர இளவரசனுக்கு வேறு வேலை கிடையாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வாய் உண்டு. கடைசி அத்தியாயத்தில் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அரசன் கையிலேயே கொடுத்துவிட்டு, சமையற்கட்டு வாசல் வழியாக அரண்மனையை விட்டே போய்விடுவாள். அதைப் படிக்கத்தான் பதினோரு பெண்கள் பெயர் எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

“மஞ்சளே இருக்கட்டும் சார். உங்க பொண்ணே மூணு தடவை எடுத்திருக்கா. புரியாமலா எடுப்பா?”

“அதான் பயமா இருக்கு. குழந்தை மேடம் அது. மனசு கெட்டுப்போச்சுன்னா யார் பொறுப்பு?”

குரல் உயராமல்தான் பேசினார். முழு நாவலையும் படித்து, ஒரு தாளில் பக்க எண்களைப் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். மகள் படிப்பதை வரிவரியாகப் படிக்கிற அப்பாவைப் புக்கக்கா இந்தப் பதினான்கு வருஷ நூலக வேலையில் பார்த்ததில்லை. அவளுடைய அப்பா அவள் எந்த வகுப்பு என்றுகூடக் கேட்டதில்லை. இப்படி ஒருவர் தனக்கு வாய்த்திருந்தால் என்று அவளுக்கு ஏக்கமாகவே இருந்தது.

புத்தகத்தைக் கையில் எடுத்தபோது கடைசி அத்தியாயத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்த சீட்டு நழுவி விழுந்தது. தையல்கடைச் சீட்டு. தோள், இடுப்பு அளவுகளுக்குக் கீழே ‘அவசரம்’ என்று இரண்டு கோடு போட்டிருந்தது. இருந்த இடத்திலேயே அதைத் திரும்பச் செருகிவிட்டு, சிவப்பு ஸ்டிக்கரை உரித்து மஞ்சளின் மேலேயே அழுத்தி ஒட்டினாள். காத்திருந்த பதினோரு பெயர்களையும் அடித்தாள்.

“ரொம்ப நன்றி மேடம். பெத்தவன் மனசு உங்களுக்குத்தான் புரியுது.” சட்டைப்பையிலிருந்து மகளின் நூலக அட்டையை எடுத்து நீட்டினார். “அப்படியே இதையும் ரத்து பண்ணிடுங்க.”

“எதுக்கு சார்? வேற நல்ல புத்தகமா நானே எடுத்துத் தரேன். பதினாறுதானே ஆகுது, படிக்கிற வயசு.”

“இனிமே எங்க மேடம் நேரம்? வர்ற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.”