மப்ளர் சாட்சி

பர்மா யுத்தத்தில் குண்டு வெடித்துக் காது போனதென்று பென்ஷன் கேட்ட சேக் பரீதின் மனு ஒருமுறை தள்ளுபடியாகியிருந்தது. கொடைக்கானலில் அன்று அப்பீல் விசாரணை.

“பேரென்ன?”

“சேக் பரீதுங்க.”

“ஊரு?”

“செண்பகனூருங்க.”

மதுரையிலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு எரிச்சல் மூண்டது. “என்ன வக்கீல் சார், உங்க கட்சிக்காரருக்குப் பாம்புக் காதால்ல இருக்கு!”

வக்கீல் சவரிமுத்து எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்துவிட்டார். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. வெடவெடத்துப்போன அதிகாரி மப்ளரை மூக்குவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, “எந்த ரெஜிமெண்டு?” என்றார்.

பரீது வாய் திறக்கவில்லை.

“யோவ், உன்னைத்தான்!” கூரை அதிரக் கத்தினார் அதிகாரி.

பரீது வக்கீல் பக்கம் திரும்பினார்.

“அய்யாவை அந்த மப்ளரைக் கொஞ்சம் எறக்கச் சொல்லுங்க. உதட்டைப் பாத்தாத்தானே அவுக என்ன கேக்காகன்னு எனக்குத் தெரியும்?”