டவர் கிடைக்காத இடம்

“டிக்கெட் எதுவும் போட வேணாம்மா. போயிட்டு வந்தவங்க சொல்ற மாதிரி எல்லா வெவரமும் சொல்லு, அது போதும்” என்றார் தில்லைநாதன்.

எழிலரசி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். சிதம்பரம் வடக்கு வீதியில் ஒன்பது வருஷமாக டிராவல்ஸ் நடத்துகிறாள். இப்படிக் கேட்ட ஆளை அவள் பார்த்ததில்லை.

“யார் யார் சார் போறீங்க?”

“நானும் எங்க வீட்ல புஷ்பவள்ளியும். முதுமலையில சஃபாரி, அப்புறம் மைசூர் அரண்மனை, சோமநாதபுரம் கோயிலு. பதினெட்டாந் தேதி கெளம்புறோம், ஒரு வாரம்.”

“கெளம்புறோம்ங்கிறீங்க, டிக்கெட் வேணாம்ங்கிறீங்களே?”

அவர் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் யானை தெரியும், காலையில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிருமா, அரண்மனைக்குள் செருப்பை எங்கே விட வேண்டும். எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி குனிந்து எழுதிக்கொண்டார்.

கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார். “எந்தெந்த எடத்துல டவர் கெடைக்காது? அதத் தனியா குறிச்சிக் குடு.”

எழிலரசிக்கு என்னவோ போல் இருந்தது. போன வருஷம் பண்ருட்டியில் அவளுக்குத் தெரிந்த டிராவல்ஸ்காரர் ஒருவர், எவனோ ஒருத்தன் அன்றைக்கு ஊரில் இல்லை என்று காட்டப் போலி ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு, ஆறு மாசம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். இருந்தாலும் வாயால் சொன்னதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அனுப்பி வைத்தாள்.

ஆனால் மனசு விடவில்லை. இரண்டு பேர் போகிற பயணத்துக்கு ஒருவரே இரண்டு தடவை வந்து விசாரித்தார். அந்தப் புஷ்பவள்ளி ஒரு போன்கூடப் பேசவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை பத்தரை மணி. ஒரு பேராசிரியருக்கு விமான டிக்கெட் கொடுக்க அண்ணாமலை நகர் போனவள், ஒரு டீக்கடை வாசலில் வண்டியை அப்படியே நிறுத்தினாள்.

முதுமலையில் இருக்க வேண்டிய தில்லைநாதன் கடைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

“நாலு யானம்மா! குட்டி ஒண்ணு, அதோட காலுக்குள்ளயே பூந்து பூந்து போவுது. குளுரா? ஸ்வெட்டர் போட்டும் நடுங்குது... அம்மாவா? அம்மா முன் சீட்ல டிரைவர்கிட்ட கத பேசிக்கிட்டு வர்றா. வீடியோ கால்லாம் வேணாம், டவர் நிக்கல. ஹலோ... ஹலோ...”

டவர் நன்றாகவே இருந்தது. அவர்தான் கட் செய்தார்.

போனைச் சட்டைப் பையில் திணிக்கும்போது ஒரு கைக்குட்டை முடிச்சு கீழே விழுந்து அவிழ்ந்தது. தாலிச் செயின், மூக்குத்தி, இரண்டு வளையல். பதறிக் குனிந்தவர், ஒவ்வொன்றாகப் பொறுக்கி மண்ணை ஊதினார்.

எழிலரசி வண்டியை விட்டு இறங்கினாள். பெற்ற பிள்ளையிடமே அம்மாவைப் பற்றிப் பொய். அந்த அம்மாவின் தாலி இந்த ஆளுடைய பையில்.

நேராகப் போய் எதிரில் நின்றாள். “சார், ஒங்க சம்சாரம் எங்க?”

தில்லைநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “நீ... நீ எங்கம்மா இங்க?”

“அத வுடுங்க. தாலியக் கழட்டி நீங்க வச்சிருக்கீங்க. அவுங்க எங்க? இப்ப சொல்லல, நூறுக்கு போன் போட்ருவேன்.”

“கத்தாதம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

“அப்ப சொல்லுங்க!”

அவர் நகைகளைக் கைக்குட்டையில் அவசரமாக முடிந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழிலரசி போனை எடுத்து ஒன்றை அழுத்தினாள், பூஜ்யத்தை அழுத்தினாள்.

அப்போது எதிர்க் கட்டடத்திலிருந்து நீலச் சேலை கட்டிய ஆயா ஒருத்தி ரோட்டுக்கே ஓடிவந்தாள்.

“புஷ்பவள்ளி கூட வந்தவுங்க யாருங்க? ஒங்கள எங்கெல்லாம் தேடுறது! ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சி. கட்டிய முழுசா எடுத்துட்டாங்களாம். கண்ணத் தொறந்து ஒங்களத்தான் கேக்குறாங்க, வாங்க!”

தில்லைநாதன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. எழிலரசி இன்னொரு பூஜ்யத்தை அழுத்தாமல் நின்றாள்.

அவருடைய போன் மறுபடி அடித்தது. திரையில் ‘அறிவுமதி டெல்லி’ என்று வந்தது. அதைப் பார்த்தார், ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார். தொண்டையைச் செருமி ஹலோ சொல்லிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

சட்டென்று போனை எழிலரசி கையில் வைத்து அழுத்திவிட்டு, அவர் ரோட்டைக் கடந்து ஓடினார்.

மணி விடாமல் அடித்தது. எழிலரசி கடைச் சத்தம் கேட்காத தூரத்துக்கு நடந்து போய், மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு பச்சைப் பொத்தானைத் தள்ளி, “ஹலோ” என்றாள்.

“ஆன்ட்டி, நீங்க யாரு? அம்மா எங்க? நாளைக்கி எனக்குக் கலெக்டர் பரிச்ச, அம்மா குரலக் கேக்காம என்னால படிக்கவே முடியல. அவுங்களுக்கு ஒண்ணும் இல்லியே? பொய் சொல்லாதீங்க, இருந்தா இப்பவே கெளம்பி வந்துர்றேன்!”

“நான் முதுமல கைடு பேசறேன் பாப்பா. அப்பாவும் அம்மாவும் ஜீப்ப வுட்டு எறங்கி மான் பாத்துக்கிட்டிருக்காங்க, நீ நல்லா எழுது!”