வந்த வரிசை

இலவசத் தமிழ் மென்பொருள் செய்யும் அந்தக் குழுவுக்கு யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். இன்னொரு உறுப்பினர் பார்த்து அப்ரூவல் கொடுத்தால்தான் இணையதளத்தில் ஏறும். எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருளை எலியாஸ் அனுப்பி நாற்பது நாளாயிற்று. அதற்கு முந்தைய மாதம், குழுவில் புதிதாகச் சேர்ந்த குடியாத்தத்து ஸ்வேதாவின் முதல் மென்பொருளோ நாலே நாளில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவள் பேரில் வரும் மெயிலைக்கூட அவன் திறப்பதில்லை.

வேலூர் பிரவுசிங் சென்டரிலிருந்து, குழுவை நடத்தும் இன்பசேகரனுக்குப் போன் போட்டான்.

"இன்னா சார், நேத்து வந்த பொண்ணுக்கு நாலு நாளு, எனக்கு நாப்பது நாளா?"

"அதுக்குத்தான் அவளோடது ஏறின அன்னிக்கே நீ சண்டை போட்டியேப்பா, வந்த வரிசையிலதான் பாக்கணும்னு. இப்ப அப்படித்தான் பாக்கறோம். உனக்கு முன்னால ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது."

"யாரோடது?"

"ஸ்வேதாவோட ரெண்டாவது. உனக்கு ஒரு நாள் முன்னால அனுப்பினா."

எலியாஸ் கத்தினான். "மறுபடியும் அவளா! அதை எவன் சார் பாக்காம அமுக்கி வச்சிருக்கான்? விரட்ட வேணாமா?"

"சம்பளமா குடுக்கறோம், விரட்டறதுக்கு? இந்த வாட்டி பாக்கற முறை உன்னோடதுதான். அதை உனக்கு மெயில்ல அனுப்பிட்டேன்னு ஸ்வேதா சொன்னாளே!"

எலியாஸ் போனை வைத்துவிட்டு அந்த மெயிலைத் திறந்தான். நாற்பது நாளுக்கு முந்தைய தேதி. மென்பொருளோடு சில வரிகள்.

"அண்ணா, எனக்கு அவசரமில்ல. உங்களோடது ரொம்ப நல்லா இருக்கு, அதுதான் முதல்ல ஏறணும். 'சரி'ன்னு ஒரு வரி போடுங்க, என் இடத்தை உங்களுக்கே குடுத்துடறேன்."