பொருளடக்கத்தில் புகுந்த ஞ

"இன்னாம்மா ஜெனிஃபா, என் பேருக்குப் பின்னாடி இத்தனை ஞ?"

அப்துல் ஹமீத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். ஞ போகவில்லை. 'தலைவர் உரை: அப்துல் ஹமீத்' என்று கம்பீரமாகக் கிளம்பிய வரி, 'ஞஞஞஞஞஞஞ' என்று இழுத்துக்கொண்டே ஓடி, மூச்சு வாங்கி, மூன்று என்ற பக்க எண்ணில் போய் விழுந்திருந்தது.

"யாரோ கொழந்தை அழுவுற மாதிரியில்ல இருக்குது!"

"உங்க உரையைக் கேட்டவங்க அழுவுறதுதான் பாய். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார் பின்னாலிருந்து பொருளாளர் கோதண்டராமன்.

ஜெனிஃபாவுக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்கத்தான் முடியவில்லை. ஆம்பூர் பஜாரில் அவள் டி.டி.பி. சென்டர் திறந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஷூ கம்பெனி மனமகிழ் மன்றத்தின் வெள்ளி விழா மலர்தான் முதல் பெரிய வேலை. செயலாளர் நத்தானியேல் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போதே சொல்லிவிட்டார்:

"ஞாயித்துக்கெழமை வெளியீடு. இன்னிக்கு சாயந்திரம் பிரஸ்காரர் வந்து நிப்பார். பொருளடக்கம் நல்லா வந்துச்சுன்னா கம்பெனி வேலை மொத்தமும் உனக்குத்தான். சொதப்பினே, ராணிப்பேட்டையில வேற ஆள் இருக்குது."

"உள் பக்கமெல்லாம் குடுத்துடுங்க சார். பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரே பொருளடக்கத்தைத் தானா எடுத்துக் குடுத்துடும்."

"அதையெல்லாம் எழுதறவங்க பாத்துப்பாங்க. நீ மொதல்ல பொருளடக்கத்தை முடி. அதுதாம்மா மலருக்கு மூஞ்சி!"

சரி என்று காலிப் பக்கங்களில் தலைப்புகளை மட்டும் அடித்து வைத்துப் பொருளடக்கத்தை வரவழைத்தாள். வந்தது. கூடவே இந்த ஞ-வும் வந்தது. தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே ஓடுகிற புள்ளிகளை அந்தத் தமிழ் எழுத்துரு தன் இஷ்டத்துக்கு ஞ ஆக்கியிருந்தது.

புள்ளிகளை மட்டும் இங்கிலீஷ் எழுத்துருவுக்கு மாற்றினாள். ஞ மறைந்தது. அன்று அவள் கழற்றிப் போட்ட ஞ-க்களைக் கோத்திருந்தால் வாணியம்பாடி வரைக்கும் தோரணம் கட்டியிருக்கலாம்.

ஹமீத் முகம் மலர்ந்தது. கோதண்டராமன் முகம் சுருங்கியது.

"என் நாலு எங்கம்மா?"

அவருடைய பக்க எண் வரியில் இடமில்லாமல் வழுக்கி விழுந்து, அடுத்த வரியில் இருந்த நத்தானியேலின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

"உங்க பேருக்குப் பின்னாடி வால் ஜாஸ்தி சார். பி.காம்., டைப்ரைட்டிங் ஹையர், முதலுதவிச் சான்றிதழ்... ஒரு வரியில நிக்கல. ஏதாவது ஒண்ணை எடுத்துடட்டுமா?"

மின்விசிறிகூட ஒரு நொடி நின்றுவிட்டுச் சுற்றியது.

"எடுக்கறதா? அந்த பி.காம்.மை எத்தனை தபா எழுதி வாங்கினேன் தெரியுமா? அதை வெட்டினா என் சம்சாரம் வீட்டுக்குள்ள சேக்கமாட்டா!"

ஜெனிஃபா எழுத்தைச் சின்னதாக்கினாள். எறும்பு ஊர்வலம் போல ஆயிற்று.

"இது போதும்" என்றார் ஹமீத். "அவரு எறும்பு, நான் யானை. கண்ணுக்கு அழகா இருக்குது."

"யாருய்யா எறும்பு?"

கோதண்டராமன் எழுந்துவிட்டார். அவரை உட்கார வைக்க ஒரு டீ செலவானது. மறுபடி எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளியைக் குறைத்து, பி.காம்.மும் முதலுதவியும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இடித்துக்கொள்ள, நாலு ஒருவழியாக மேலே ஏறியது.

இப்போது நத்தானியேல் தொண்டையைச் செருமினார்.

"என் அறிக்கைக்கு இன்னா நம்பர்?"

"ஆறு சார்."

"ஆறுன்னா இடது பக்கமாச்சே! இடது பக்கத்தை எவன் பாப்பான்? புரட்டறப்போ கட்டை விரல் வந்து மூஞ்சியை மூடிக்கும்."

"அப்ப நாலு மட்டும் வலது பக்கமா?" கோதண்டராமன் மறுபடி எழுந்தார். "தோஸ்த்துன்னு சும்மா இருந்தா, பொருளாளரை இடது பக்கம் தள்ளுவீங்களா?"

"மூணு என்னோடது. அதுல எவனும் கை வைக்கக் கூடாது" என்று ஹமீத் திரையின் மீதே விரலை ஊன்றிக்கொண்டார்.

இந்தியா பாகிஸ்தான் எல்லையைக்கூட இதைவிடச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். ஜெனிஃபா பக்கங்களைத் தள்ளினாள், இழுத்தாள், இடது பக்கங்களையெல்லாம் விளம்பரத்துக்குத் தள்ளிவிட்டாள். ஹமீத் மூன்று, கோதண்டராமன் ஐந்து, நத்தானியேல் ஏழு. மூவரும் வலது பக்கம். ஒரே அளவு எழுத்து. புள்ளிகள் ராணுவ அணிவகுப்பு மாதிரி நேராக நின்றன.

அச்சு எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். ஹமீத் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோதண்டராமன் தன் பட்டங்களை விரல் வைத்து எண்ணி, எதுவும் குறையவில்லை என்று தலையாட்டினார்.

"அபாரம்மா! கம்பெனி வேலை உனக்குத்தான்" என்றார் நத்தானியேல்.

வாசலில் பிரஸ்காரரின் டி.வி.எஸ். வந்து நின்றது. ஜெனிஃபாவுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் சார்! சீக்கிரம் கட்டுரைங்களைக் குடுங்க. அந்தந்தப் பக்கத்துல வச்சு அனுப்பிடறேன்."

மூவரும் அச்சுத்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"கட்டுரையா? இன்னாம்மா பேஜார் பண்றே!" என்றார் நத்தானியேல். "இப்பத்தானே துண்டு போட்டு எடம் புடிச்சிருக்கோம். இனிமேதான் அவங்கவங்க வீட்டுக்குப் போயி, இன்னா எழுதறதுன்னே யோசிக்கணும்!"